காற்று எந்தப் பக்கம்

குஞ்சப்பனை தாண்டி மேலே ஏறும்போதுதான்
முள்ளும் ஏறுகிறது என்றார் ஹால்துரை.
ஏசி போட்டால் மட்டும்.
அணைத்தால் ரெண்டு வளைவுக்குள் இறங்கிவிடும்,
பந்தியில் சமாதானமான சம்பந்தி மாதிரி.

கோத்தகிரியில் யாருக்கய்யா ஏசி என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
மேகம் கண்ணாடியின் உள்பக்கம் வந்து உட்காரும்.
ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்டி
காட்டெருமையின் விலாவரைக்கும் போய் நின்றவர் அவர்.
ஏசி போட்டால்தான் ரோடு தெரியும்.
ரோடு தெரிந்தால் வண்டி கொதிக்கும்.
நாலு மாதமாக இப்படி.

ரப்பர் பேண்டைக் கழற்றி
பில்களை ஃபெண்டர்மேல் பரப்பினார்.
மேட்டுப்பாளையத்தில் தெர்மோஸ்டாட்.
குன்னூரில் வாட்டர் பம்ப், கூடவே மூடி.
காரமடையில் ரேடியேட்டரைக் கழற்றி
ஆசிட் விட்டு அலசியிருக்கிறார்கள்.
ஹெட் கேஸ்கெட்டாக இருக்கும், இறக்கிப் பார்க்கலாம் என்று
கோவையில் ஒருவர் சொன்னதும்
டாக்சி பர்மிட் புதுப்பிக்க வைத்திருந்த பணத்தை
மனசுக்குள் எண்ணிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

ஃபேன் சுற்றுகிறதா?
எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சுற்றுகிறது.
நானும் ஏசியைப் போட்டுப் பார்த்தேன். சுற்றியது.
சத்தத்திலும் குறை இல்லை.
ஃபின்களுக்கு நடுவே கொஞ்சம் ஈசல் சிறகு,
சில்வர் ஓக் சருகு ஒன்று. அவ்வளவுதான்.

வாட்டர் பம்ப் பில்தான் சரிந்தது.
கிரில்லுக்கு முன்னால் விழுந்த தாள்
பல்லி மாதிரி அதில் ஒட்டியிருக்க வேண்டும்.
ஒட்டவில்லை.
யாரோ வேண்டாம் என்று தள்ளிவிட்டதைப் போல
அரவேனு ரோட்டைத் தாண்டிச் சாக்கடை ஓரம் போய்ப் படுத்தது.

இழுக்க வேண்டிய ஃபேன். ஊதிக்கொண்டிருக்கிறது.

ஏறுகிற வண்டிக்குள் மலைக்காற்று வருகிறது.
உள்ளேயிருந்து இது அதை வெளியே தள்ளுகிறது.
ஒற்றை ஆள் சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு பேர்
நீ விலகு, நீ விலகு என்று நிற்க
நடுவில் வேகிறது தண்ணீர்.

ஏசி இல்லையென்றால் ஃபேனுக்கு வேலையே கிடையாது.
இந்தக் குளிரில் அது கண் விழிப்பதே இல்லை,
ஊரே அதன் வேலையைச் செய்துவிடுகிறது.
பழி ஏசிமேல் விழுந்தது அப்படித்தான்.

ஒயரைத் தேடிக் கையை உள்ளே விட்டேன்.
சிவப்பு கறுப்பில், கறுப்பு சிவப்பில்.
இணைப்பின்மேல் நீல டேப்.
அடுத்து பிரிக்கிறவனுக்கு நகம் வலிக்காமல் இருக்க
நுனியைச் சின்னதாக மடித்துவிட்டிருந்தது.

அப்படி மடிக்கிறவன்
இந்த மலையில் எனக்குத் தெரிந்து ஒருவன்தான்.

பிப்ரவரி. ராத்திரி ஒன்பதரை. டார்ச் வாயில்.
விடிகாலை ஏர்போர்ட் சவாரி இருக்கு, சீக்கிரம் என்று
ஹால்துரை சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார்.
புது மோட்டாரைப் போட்டேன், சுற்றியது,
காசு வாங்கினேன்.

"யார் செஞ்ச வேலை இது?"
முதுகுக்குப் பின்னால் நின்றுதான் கேட்டார்.
நான் முகமே பார்த்திராத காரமடைக்காரன்
நாக்கு நுனிவரை வந்துவிட்டான்.
விழுங்கினேன்.
"நான்தான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ரோட்டைத் தாண்டிப் போய்
சாக்கடை ஓரத்துப் பில்லை எடுத்து, பேண்ட்டில் துடைத்து,
மற்றதோடு அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு,
காரில் வைக்காமல்
என் மேஜையில், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனருக்கு அடியில் வைத்தார்.

ஒயரை மாற்றினேன். டேப் சுற்றினேன்.
நுனியை மடிக்காமல் விடத்தான் பார்த்தேன்,
கை கேட்கவில்லை.
பச்சை இலை எடை போட்ட சீட்டு ஒன்றை கிரில்லில் காட்டினேன்.
பிடித்துக்கொண்டது.

குஞ்சப்பனைவரை இறங்கித் திரும்பி ஏறினோம்.
கண்ணாடி நாலும் மேலே, ஏசி முழுசாக.
வெளியே மேகம், உள்ளே அதைவிடக் குளிர்.
என் பல் அடிப்பது அவருக்குக் கேட்டிருக்கும்.
ரெண்டு பேரும் முள்ளையே பார்த்தோம்.
கடைக்கு முன்னால் வந்து நின்றபோதும்
அது நடுவிலேயே இருந்தது.

"இன்னொரு தடவை போய்ட்டு வரலாம்" என்றார்.
கைகளை அக்குளில் செருகிக்கொண்டு
"சரி" என்றேன்.